அழிந்த தேதிக்கு நடந்த பேரம்

நாலாயிரம் வருஷத்துக்கு முன் பூண்டோடு அழிந்த மூஞ்சூறின் எலும்பு எங்கள் சினேயு சந்தையில் பன்னிரண்டு பெசெத்தா. அதே மூஞ்சூறு உயிரோடு வேண்டுமென்றால் ஒன்பது. தீனிச் செலவு வாங்குகிறவர் தலையில் அல்லவா? உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான், அப்போலோனியாவின் உலர் அத்திப்பழக் கடையில். பல் நுனியெல்லாம் குங்குமச் சிவப்பு. அத்தியில் விழும் வண்டுகளை அது தின்று தீர்த்தது. அதனால்தான் மயோர்க்கா தீவு முழுக்க மழைக்காலத்தில் அவள் சரக்கு மட்டும் நல்ல விலை போனது. கணவன் கடனை மட்டும் விட்டுப் போன பிறகு அவளிடம் மிஞ்சிய கைமுதல் அந்த மூஞ்சூறுதான்.

குகைகளில் கிடைக்கும் மூஞ்சூறு எலும்புகளை வகைப்படுத்த பார்சலோனாவிலிருந்து வந்த பேராசிரியர் பாலாகெர், அவள் கடையின் பின்னறையில் மேசை போட்டார். அவர் எழுதியபடியெல்லாம் மூஞ்சூறு ஆனது. வெண்பல் இனம் என்று எழுதிய அன்று பல் வெளுத்தது. அடித்துவிட்டுச் செம்பல் என்றதும் பழையபடி சிவந்தது. எலும்புக்குக் காசு என்று கேள்விப்பட்டு ஊரே குகைக்குள் இறங்கியிருந்தது. குகையில் கிடைக்காததை அடுப்படியில் தேடிக்கொண்டோம். நாங்கள் விற்ற முயல் தாடையை அவர் நம்பி எழுதியதில், பாவம் அந்த ஜீவன் ஒரு கோடை முழுக்க நீண்ட காதுகளோடு அலைந்தது. அடுத்து நாங்கள் விற்ற ஆட்டெலும்பால் அதற்குக் குளம்பு முளைப்பதற்குள் நல்லவேளையாகச் சுதாரித்துக்கொண்டார். பிறகு, இதன் நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது என்று எழுதினார். மறுநாள் அத்தி மூட்டைகள்மேல் ஒரு விரற்கடை பனி. அப்போலோனியா அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு, ஈரத்தை எடையில் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, சந்தை நாளில், அவர் கடைசி வரிக்கு வந்தார்: மனிதர் தீவில் இறங்கிய பின், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. மை காயக் காய மூஞ்சூறு மூக்கில் தொடங்கி வால் நுனி வரை மறைந்துகொண்டே போனது.

“ஐயா, என் பொழைப்பு கரையுது, பாருங்க!”

“நான் என்னம்மா செய்ய? உங்க முன்னோருங்க வந்து எறங்கினதும் செத்திருக்கு.”

வேறு ஊர்க்காரி என்றால் அழுதிருப்பாள், அல்லது தாளைக் கிழித்திருப்பாள். எங்களுக்கோ ஒரு எண் காதில் விழுந்தால் வாய் ஒரே வேலையைத்தான் செய்யும்.

“நாலாயிரமா? பகல் கொள்ளை! ஐந்நூறுக்கு முடிங்க.”

“அறிவியல்ல என்னம்மா பேரம்?”

“முயல் தாடையை மூஞ்சூறுன்னு வாங்கினப்போ எங்க போச்சு உங்க அறிவியல்?”

பேராசிரியர் மூவாயிரத்துக்கு இறங்கினார். வால் தெளிந்தது. அவள் முந்தானையை உதறுவதுபோல் ஏப்ரனை உதறிவிட்டு வாசலுக்கு நடந்தாள், அவரே கூப்பிட்டு, “சரி, ரெண்டாயிரம்!” என்றார். எங்களோடு இத்தனை வருஷம் இருந்தவர், தொற்றாமல் விடுமா? சாப்பாட்டு வேளைக்கு முந்நூறாகிப் பின்னங்கால்கள் வந்தன. சந்தை கலையும்போது போன புதன் வரை வந்துவிட்டார். ஆனால் மூக்கு வரவில்லை. மூக்கில்லாமல் அது வண்டைத் தேடுவது எப்படி?

“அடுத்த புதன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது,” என்றார். மூக்கு முளைத்து, துடித்து, முதல் வேலையாக அவர் பேனாவை முகர்ந்தது. கைகுலுக்கினார்கள்.

அன்றிலிருந்து புதன்தோறும் அவர் வருகிறார், அத்தி ரொட்டி தின்கிறார், தேதியை அடித்து அடுத்த புதன் என்று எழுதிவிட்டுப் போகிறார். அவர் புத்தகம் வெளிவரவில்லை, அவருக்குத் தலை நரைத்தது, தொப்பை வந்தது. இன்றைய நிலவரம்: அத்தியில் வண்டு இல்லை. மூஞ்சூறை அழித்த முன்னோர் பழி எங்கள் பேரில் அப்படியே நிற்கிறது. அறிவியலுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி ஒரு சாவு. தவணை, வரும் புதன்.