மூடியோடு சேர்த்து எடை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில் சண்முகவடிவின் எடை மூன்று கிலோ கூடியது. அந்த நேரம் முழுவதும் அவள் தி.நகரில் தங்கள் பாத்திரக்கடையின் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. முதலில் வளையல் இறுகியது. பிறகு ரவிக்கையின் கை விளிம்பு சதையில் பதிந்து கோடு போட்டது. கடைசியில் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள். அதே நேரத்தில் அடையாறில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் அவளுடைய கணவர் கனகராஜ் டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் கையைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தார். அவர் உடம்பிலிருந்து மூன்று லிட்டர் தண்ணீரை எடுத்தார்கள். இரண்டு மணிக்கு இயந்திரம் நின்றது. வடிவுக்கு எடை ஏறுவதும் நின்றது.

கனகராஜின் சிறுநீரகங்கள் வேலையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. திசையன்விளையிலிருந்து வந்து எவர்சில்வரையும் பித்தளையையும் கிலோ கணக்கில் விற்று, மந்தைவெளியில் ஒரு வீடு வாங்கி, ஒரே மகள் பூஜாவைக் கட்டிக்கொடுத்துப் புனேக்கு அனுப்பிய மனிதர். செவ்வாயும் வெள்ளியும் இயந்திரம். ஒரு நாளைக்கு ஒரு செம்புத் தண்ணீர், சாம்பாரும் மருந்தும் அதில் அடக்கம். பூஜாவின் ரத்த வகை சேரவில்லை. வடிவுக்குச் சேர்ந்தது. எல்லாப் பரிசோதனையும் சேர்ந்தது. எடை மட்டும்தான் தடை. எண்பத்தாறு இருந்தாள். எழுபத்தெட்டுக்குக் கீழே வந்தால்தான் அவளிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுக்க முடியும், இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்று அவளைத் தாங்காது என்று டாக்டர் சொன்னார். எட்டுக் கிலோ என்பது ஒரு நடுத்தர அண்டா. பரணிலிருந்து அந்த அளவு அண்டாவை அவள் எத்தனையோ தடவை ஒரு கையால் இறக்கியிருக்கிறாள். இதையும் இறக்கிவிடலாம் என்றே நினைத்தாள்.

சோற்றை விட்டாள். சர்க்கரையை விட்டாள். விடிந்ததும் நாகேஸ்வரராவ் பூங்காவில் பக்கத்து வீட்டுப் பங்கஜம் மாமியோடு நடந்தாள். முதல் மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. அந்த மாதம்தான் கனகராஜ் வீங்கத் தொடங்கினார். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு வாங்கியது. வார்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிறார். வடிவும் அதையே நினைத்தாள். ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வாங்கினாள். குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கச் சொன்னாள்.

“உள்ள போனா வெளிய வர அரைமணி நேரம். உள்ள என்ன, தாமிரபரணியா ஓடுது?”

“ஏட்டி, குளிக்கிற தண்ணிய எவனாவது குடிப்பானா?”

“நீங்க குடிப்பீங்க.”

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். சத்தியம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வீங்கியபடி போய் வற்றி வந்தார். அவர் வற்றிய அன்று அவளுக்கு நாலு கிலோவும் திரும்பி வந்திருந்தது.

அடுத்து அவள் முறை. உணவு ஆலோசகர் பூஜாவைவிடச் சின்னப் பெண். எடைமேடையைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, நடுவுல ஏதாவது நொறுக்குத் தீனி?” என்றாள். தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறேன் என்றாள் வடிவு. “எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க ஆன்ட்டி” என்று சிரித்தாள் அந்தப் பெண். பூங்காவில் பங்கஜம் மாமி இன்னும் நேராகவே கேட்டாள். “உன்னோட நடந்து நடந்து நான் ரெண்டு கிலோ எளச்சுட்டேன்டி. நீ மட்டும் ஏறிண்டே போறியே, ஆத்துல போய் என்னத்தத் திங்கற?” வடிவு நடையைக் கூட்டினாள். இறங்குவாள், ஏறுவாள். திங்கட்கிழமை பொருந்திய ரவிக்கை புதன்கிழமை பொருந்தாது. மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஒன்பது மாதமானது. பொய் சொல்லாத இரண்டு பேர் ஒரே வீட்டில் பொய்யர்களாக இருந்தார்கள்.

கடையில் பித்தளை அண்டாக்களை நிறுக்கப் பெரிய எடைமேடை ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வடிவு வீட்டுத் தராசில் நம்பிக்கை போய் அதில் ஏறினாள். அவள் இறங்கும் முன்பே கனகராஜும் விளையாட்டாக ஏறினார். நூற்று நாற்பத்தொன்பது. செவ்வாய்க்கிழமை இயந்திரம் முடிந்து அவர் கடைக்கு வந்ததும் மறுபடி ஏறினார்கள். அவர் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தார். மொத்தம் நூற்று நாற்பத்தொன்பது. வடிவு பட்டினி கிடந்த வியாழக்கிழமையும் நூற்று நாற்பத்தொன்பது. கனகராஜ் மேடையைக் காலால் தட்டிப் பார்த்தார். கடையில் இருபது வருடமாக இருக்கும் இனாயத் பாய்க்கு அது பிடிக்கவில்லை. “தராசு மேல பழி போடாதீங்க அண்ணாச்சி. போன வாரந்தான் முத்திர வச்சிட்டுப் போனாங்க. கரெக்டா கீது.”

கனகராஜ் அங்கேயே ஒரு குட்டி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பானை வாங்க வருகிறவர்கள் மூடியைத் தனியாக நிறுக்கச் சொல்லி வாதாடுவார்கள். பானைக்கென்று அடித்த மூடிக்குத் தனி எடை கிடையாது என்று முப்பது வருடமாக அவர்களுக்குப் பதில் சொல்லி வந்தவர் அவர்.

“நம்மள மூடியோட சேத்துல்லா எடை போட்டிருக்கு” என்றார்.

“இதுல பானை யாரு?”

“கண்ணாடியப் பாரு, தெரியும்.”

வடிவு பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அன்று வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜின் பூட்டைக் கழற்றினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

தெரிந்துவிட்டதால் எதுவும் மாறவில்லை. வடிவு ஆதம்பாக்கத்தில் தங்கை வீட்டில் ஒரு வாரம் போய் இருந்து பார்த்தாள். கிண்டி தாண்டியும் கணக்கு பிசகவில்லை. அவள் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டால் அவருக்குக் கால் வீங்கியது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தால் அவளுக்குப் புடவை தளர்ந்தது. தின்ற அளவும் ஏறிய எடையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு அரைக் கிலோ என்பது போல ஏறும். அது ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. பாத்திர வியாபாரத்தில் தராசு காட்டுவதுதான் எடை.

வெள்ளிக்குப் பிறகு செவ்வாய்வரை இடைவெளி நீளம். அதனால் திங்கட்கிழமைகள் மோசம். ஒரு திங்கட்கிழமை மதியம் கனகராஜால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை இழுத்தார். வடிவு அதற்கு முந்தைய பத்து நாளும் பழச்சாறும் கீரையுமாக இருந்து எண்பத்தொன்றுக்கு வந்திருந்தாள். அவரைப் பார்த்தபடியே அடுக்களைக்குப் போனாள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். முதல் தட்டு முடியும்போது அவர் கம்பியை விட்டார். இரண்டாவதில் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்றாவதில் தூங்கிப்போனார். அவள் கை காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பத்து நாள் அவள் நடந்த நடை எல்லாம் உடம்பில் திரும்ப வந்து அமர்ந்திருந்தது. அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அவள் சமைக்கும் அளவு கூடியது.

கனகராஜ்தான் அந்த யோசனையைச் சொன்னார். டாக்டர் ஒரே ஒரு நாள் தன் கண்ணால் எழுபத்தெட்டைப் பார்த்தால் போதும், தேதி குறித்துவிடுவார். அந்த எட்டுக் கிலோவையும் அன்றைக்கு மட்டும் தான் சுமந்துகொள்வதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை இயந்திரத்துக்குப் போகாமல் இருப்பது, தாகம் தீரத் தண்ணீர் குடிப்பது, செவ்வாய் காலை அவள் எடை பார்த்த கையோடு தான் கட்டிலில் ஏறிவிடுவது. வடிவு முடியாது என்றாள். ஒரு வாரம் முடியாது என்றே சொன்னாள். “நீ ஒன்பது மாசம் பட்டினி கிடந்தேல்லா. நான் நாலு நாள் தண்ணி குடிக்கேன். எது கஷ்டம்?” என்றார் அவர். அந்த நாலு நாளும் செம்பு செம்பாகக் குடித்தார். முதல் செம்பைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். வடிவின் வளையல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. செவ்வாய்க்கிழமை காலை அவர் கால்கள் செருப்பில் நுழையவில்லை. வெறுங்காலோடு ஆட்டோவில் ஏறினார். மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. தேதி குறித்ததும் சாப்பிட வேண்டும் என்று இனாயத் பாயிடம் சொல்லி வாங்கிவைத்த அரைக் கிலோ அல்வா.

வார்டு வாசலில் டெக்னீஷியன் ஜுவேரியா நின்றிருந்தாள். இந்தக் கணவன் மனைவியின் எடைகளை ஒரு வருடமாக எழுதி வந்தவள். அவளுக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. கனகராஜை ஒரு பார்வை பார்த்தாள். “இன்னா அங்கிள், இப்டி வந்துகினு கீறீங்க? இவ்ளோ தண்ணிய வச்சிகினு எப்டி நடந்தீங்க?” என்றாள். முதலில் அவளைப் பாரம்மா என்றார் அவர். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு ஆனது. நடைபாதை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அல்வாப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, வடிவு உள்ளே போய் எடைமேடையில் ஏறினாள். எழுபத்தேழு புள்ளி ஆறு. ஜுவேரியா அதைப் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள், கையைத் தட்டினாள். டாக்டர் பக்கத்து வார்டில் இருக்கிறார், பத்து நிமிடம், இறங்காமல் நில்லுங்கள் ஆன்ட்டி, அவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும் என்றாள்.

கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக அவர் தெரிந்தார். இருமினார். இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது. உதடு நீலம் பாய்ந்தது. ஜுவேரியா சத்தம் போட்டுக்கொண்டே ஆக்சிஜனுக்கு ஓடினாள். ஆக்சிஜன் நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தது. அல்வா கையில் இருந்தது. வடிவு மேடையில் நின்றபடியே பொட்டலத்தின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அள்ளி வாயில் போட்டாள். மெல்லவில்லை, விழுங்கினாள். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பதரை. நெய் முழங்கைவரை வழிந்தது. அடுத்த கை. எண்பத்தொன்று. கண்ணாடிக்கு அப்பால் இருமல் தணிந்தது. எண்பத்துமூன்று. அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அடுத்த கை. எண்பத்தைந்து. ஆக்சிஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்த ஜுவேரியா அவர் முகத்தைப் பார்த்தாள், கதவைத் திறந்து வடிவின் கையைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள். உருளையைச் சுவரோரம் நிறுத்தினாள்.

கோப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு அதற்கடுத்த மாதத்துக்கு. இப்போதும் அது அந்த வார்டின் அலமாரியில் இருக்கிறது. இயந்திரத்தில் கனகராஜின் ரத்த அழுத்தம் விழுந்து மேற்கொண்டு தண்ணீர் எடுக்க முடியாமல் போகும் நாட்களில் ஜுவேரியா கடைக்குப் போன் செய்து, ஆன்ட்டி, ரெண்டு இட்லி சாப்பிடுங்க என்கிறாள். வடிவு சாப்பிடுகிறாள். வார்டில் யாரும் அதை அதிசயமாகப் பேசுவதில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. வடிவு வாய் நிறைய அல்வாவோடு மேடையிலேயே நின்றிருந்தாள். நடைபாதையில் கனகராஜ் தொண்டையைச் செருமினார். நான்கு நாளில் முதல்முறையாக அவர் குரல் தெளிவாக இருந்தது, அதில் ஆசையும் இருந்தது.

“வடிவு, எவ்வளவு காட்டுச்சு?”