வெந்நீர் ஊற்றிய கண்ணாடி

1

வலது தோள் நேற்றிலிருந்து வலிக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் சிறு வயதில் உப்புப் பெட்டி சுமந்த தோள். மழை வருவதற்கு முன்னால் இப்படித்தான் குடையும். இந்தக் கதையும் அந்த வலியிலிருந்துதான் கிளம்பியது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

எண்பத்தாறாம் வருடம், ஏப்ரல். பிளசன்டன். காலையில் வெயில் அடித்தது, சற்று நேரத்தில் தூறல், மறுபடி வெயில், பிறகு கடல் பக்கமிருந்து எலும்பைத் தொடும் காற்று. இதை இங்கே வசந்தம் என்கிறார்கள். மழையை அழகு என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. எங்கள் பக்கம் மழை பெய்தால் பாத்தியில் உப்பு கரையும். அன்றைக்குக் கூலி கிடையாது. அப்படியிருந்தும் என் கை முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘மலையுச்சியில் வெண்பனி, மணப்பெண்ணின் முக்காடுபோல —’

போதும். அந்தப் பனியில் செருப்போடு நின்றவள் அமலி. அவளிடம் இதைப் படித்துக் காட்டினால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நான் எங்கே வழுக்கினேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

2

என் வீட்டுக்கு மேல் மாடியில் இருக்கிறார்கள் ஏசுராஜும் அமலியும். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள். ஏசுராஜ் சிப் செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. விசா ஜூன் வரைதான், அது முடிந்தால் இருவரும் ஊருக்குப் போகவேண்டியதுதான். அமலி நர்ஸ். இந்த நாட்டுப் பரீட்சையையும் எழுதி பாஸ் பண்ணிவிட்டாள். பே ஏரியாவில் எந்த ஆஸ்பத்திரியும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது மலைக்கு அந்தப் பக்கம் ரீனோவில் ஒரே ஒரு ஆஸ்பத்திரி. வேலை கொடுத்தால் விசாவும் அவர்களே ஸ்பான்சர் பண்ணுவார்கள். மதியம் இன்டர்வியூ.

அவர்கள் கிளம்பிய காலையில் பார்க்கிங் லாட்டில் நடந்த பேச்சை நான் மாற்றாமல் தருகிறேன்.

“தோள் வலிக்குடே. மழை இருக்கும். பாத்து டிரைவ் பண்ணு.”

“சித்திரை பொறந்தாச்சு அண்ணாச்சி. ஊர்ல தார் உருகிக்கிட்டு கெடக்கு. நீங்க ஒரு பக்கம்.”

“ஸ்வெட்டர் எடுக்கவே விடல அண்ணாச்சி,” என்றாள் அமலி.

“கம்பளியச் சுத்திட்டுப் போய் நின்னா, நர்ஸ் வந்திருக்கான்னு நெனைப்பானா, பேஷன்ட் வந்திருக்கான்னு நெனைப்பானா?”

பின் சீட்டில் எலுமிச்சைச் சோறு. அமலி மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க். எங்கள் ஆட்களுக்குத் தலைவலி, தொண்டைக்கட்டு, வயிற்றுப் பொருமல் எல்லாவற்றுக்கும் முதல் மருந்து வெந்நீர்தான். அமெரிக்க நர்ஸ் பரீட்சை எழுதியும் அமலி அதை விடவில்லை.

(என் தோளைப் பற்றி ஒரு வார்த்தை: அது கடற்கரைத் தோள். மழை தெரியும், பனி தெரியாது. மலைக்கு அதன் பேச்சு செல்லாது என்பதை அன்றைக்கு நானும் அறியவில்லை.)

3

சேக்ரமென்டோ வரை வெயில். மலை ஏற ஏறச் சாரல். இன்னும் மேலே போனதும் சாரல் கனத்து வெள்ளையாக விழத் தொடங்கியது. டயருக்குச் சங்கிலி போடாமல் மேலே விடமாட்டோம் என்று போர்டு வைத்திருந்தார்கள். சங்கிலி விற்கும் சிறு ஊரில் வண்டியை நிறுத்தி, முதலில் சோற்றைத் தின்றார்கள். தின்று முடிப்பதற்குள் முன் கண்ணாடி முழுக்கப் பனிக்கட்டி. அது பழைய கார். ஹீட்டர் வேலை செய்யாது. வைப்பர் ஒட்டிக்கொண்டு முனகியது.

ஏசுராஜ் யோசிக்கவில்லை. ஃபிளாஸ்க்கை வாங்கினான், இறங்கினான், ஊற்றினான்.

துப்பாக்கி வெடித்ததுபோல —

(இல்லை. அமலி சொன்னது: “அப்பளம் ஒடையுற மாதிரிதான் கேட்டுச்சு அண்ணாச்சி.” அப்பளமே இருக்கட்டும்.)

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு விரிசல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளை விட்டது. சங்கிலி விற்கிறவன் வந்து பார்த்து, இந்த வண்டி கீழே வேண்டுமானால் மெதுவாக இறங்கும், மேலே ஏறாது என்று சொல்லிவிட்டான்.

“வெந்நி எல்லாத்துக்கும் கேக்கும்னு யாரு சொன்னது?” என்றான் ஏசுராஜ்.

“மனுசனுக்குக் கேக்கும். கண்ணாடிக்குக் கேக்கும்னு நான் சொன்னேனா?”

ஜூனும் ஊருக்கு எடுக்கவேண்டிய டிக்கெட்டும் அந்த விரிசலிலேயே தெரிந்தன என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்தது கால் விரல் மரத்துப்போனது மட்டும்தான்.

4

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். அவளை மலைக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். ஒரு பிரதியில் டாக்டர் அரியரட்ணம் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரரை உண்டாக்கினேன். நல்ல காரில் சங்கிலியோடு வந்து, “தங்கச்சி தமிழோ?” என்று கேட்டார். கணவாயில் அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு தமிழ் டாக்டர்! கிழித்துப் போட்டேன். அவருக்கு என் வருத்தங்கள்.

உண்மையில் வந்தது சூதாட்ட பஸ். ஓக்லண்டிலிருந்து வயதானவர்களை ஏற்றிக்கொண்டு ரீனோ கேசினோவுக்குப் போகும் பஸ். டிரைவர் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். இறங்கி நின்ற கூட்டத்தில் ஒரு பிலிப்பினோ அம்மா, அமலியின் செருப்பையும் சேலையையும் பார்த்துவிட்டு நேரே வந்தாள். மணிக்கட்டில் ஜெபமாலை, கையில் காசு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கப்.

(ஜெபமாலையும் சூதாட்டக் கப்பும் ஒரே ஆளிடமா, வாசகர் நம்பமாட்டார் என்று ஜெபமாலையை எடுத்துவிடப் பார்த்தேன். அமலி விடவில்லை. “அதப் பாத்துத்தான் நான் ஏறுனேன், அத எடுத்தா நான் எப்படி ஏறுவேன்?” என்றாள். பாத்திரம் சொன்னால் கேட்கவேண்டியிருக்கிறது.)

விஷயத்தைக் கேட்ட அந்த அம்மா டிரைவரிடம் போய் ஏதோ சண்டை போட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு சீட் காலி இருந்தது.

அமலி மாதா கோயில் உபதேசியார் மகள். சீட்டுக்கட்டைத் தொட்டால் கை கழுவச் சொல்லும் வீடு.

“சூதாடப் போற பஸ்ல ஏறியா இன்டர்வியூவுக்குப் போவ? மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாவ?”

“நீங்க கண்ணாடில வெந்நி ஊத்துனது தெரிஞ்சா என்ன சொல்லுவாவளோ அதான். வண்டிய மெதுவா எறக்கிட்டுப் போங்க. கண்ணாடியத் தொடாதீங்க.”

ஏறிவிட்டாள். பஸ்ஸுக்குள் அந்த அம்மா தன் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டாள். அமலி மறுத்தாள்.

“கேசினோ நோ வெதர்,” என்றாள் அந்த அம்மா. “நோ விண்டோ, நோ ஸ்னோ. யூ டேக். ஈவ்னிங், சேம் பஸ், யூ கிவ்.”

சங்கிலி கடகடக்க பஸ் மலை ஏறியது. பின்னால் யாரோ பாட்டுப் பாடினார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் வானம் நீலமாக இருந்ததாம். இதை நான் ஜோடிக்கவில்லை. மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வானிலை.

5

முடிவு வேண்டும் என்பீர்கள். ஒன்று: வேலை கிடைத்தது, இருவரும் ரீனோவில் குடியேறினார்கள். இன்னொன்று: கிடைக்கவில்லை, ஜூனில் விமானம் ஏறினார்கள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே கையெழுத்து நன்றாக இருந்த பொய்கள். ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. போன் பக்கத்திலேயே ஏசுராஜ் உட்கார்ந்திருக்கிறான். மேலே நாற்காலி நகரும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

எனக்குத் தெரிந்ததை மட்டும் தருகிறேன். சேலைக்கு மேல் அந்தக் கோட்டோடு நின்றவளைப் பார்த்து, கணவாயில் பனி கொட்டுகிறதே எப்படி வந்தாய் என்று தலைமை நர்ஸ் கேட்டாள். “கேம்ப்ளிங் பஸ்” என்றாள் அமலி. தலைமை நர்ஸ் சிரித்து அடங்க நேரமானது. பனியில் கார் ஓட்டத் தெரியுமா என்று அடுத்த கேள்வி. தெரியாது, ஆனால் வந்துவிட்டேன் அல்லவா என்று இவள் பதில். பிறகு இன்டர்வியூ முடிந்தும் விடவில்லை. வார்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்கை படுக்கையாகக் காட்டினார்கள், மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார்கள், யூனிஃபார்ம் என்ன அளவு என்று கேட்டார்கள்.

வேலை கொடுக்காத ஆளிடம் யூனிஃபார்ம் அளவு கேட்பார்களா? எனக்குத் தெரியாது. நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் செய்தாயிற்று, சொல்லமாட்டேன்.

அளவு சொல்லிவிட்டு அவள் ஓடிவந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. வேறு பஸ் பிடித்து வீடு வந்தாள். போன சனிக்கிழமை ஓக்லண்டில் அந்த பஸ் கிளம்பும் இடத்துக்கே போய், ஏறுகிறவர்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். அந்த அம்மா வரவில்லை. பேரையும் கேட்டு வைக்கவில்லை. இந்தச் சனிக்கிழமையும் போவதாகச் சொல்கிறாள்.

தோள் இன்னும் வலிக்கிறது. வெளியே தூறல், நடுவில் வெயில்.

பேர் தெரியாத அந்த பிலிப்பினோ அம்மாவுக்கு அமலி ஒரு பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டு தரவேண்டியிருக்கிறது.