வீட்டுக்குள் ரோஜாச் செடி

"அக்கா, உங்க வீட்டுக்காரர் எழுதுறதைப் படிச்சு சிரிச்சு வயிறே வலிக்குது. அதுவும் அந்த மெத்தைக் கதை" என்றாள் கிளினிக் ரிசப்ஷன் பெண்.

ஒரு நோயாளியின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்த நர்ஸ் விழித்தாள். கணவன் வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை சர்வராக ஓடவிட்டு வெப்சைட் நடத்துகிறான் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் திறந்தால் ரோஜாப் பதியன், எரு, பூச்சிமருந்து, அவ்வளவுதான்.

"என்ன மெத்தை?"

"உங்களைக் கூப்பிட வந்தப்ப அவரே அட்ரஸ் குடுத்தாரே" என்று அந்தப் பெண் போனை நீட்டினாள்.

அதே முகவரிதான். ஆனால் செடியைக் காணோம். 'மாமியார் நீர்த்தேக்கம்' என்று தலைப்பு. பக்கவாதத்தில் விழுந்து அவர்களோடு இருக்கும் அவள் அம்மா படுக்கையை நனைப்பதை ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். கீழே ஊர்பேர் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். சீழுக்கும் ரத்தத்துக்கும் முகம் சுளிக்காதவள், முகம் சுளித்து, போனை விரல் நுனியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வீட்டு வைஃபையில் போனில் வெப்சைட்டைத் திறந்து காட்டினாள்: ரோஜா. வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்தாள்: அம்மா.

அவன் அதை ஏதோ சந்தேகம் கேட்பதாக எடுத்துக்கொண்டான். "அதுவா? வீட்டுக்குள்ள இருந்து நம்ம வெப்சைட் முகவரியைக் கேட்டா, வைஃபை ரவுட்டருக்கு அதை நம்ம சர்வருக்கே திருப்பி அனுப்பத் தெரியாது. அதான் உள்ளே தனி வழி போட்டேன்."

"வழி வேற, சரி. பக்கம் ஏன் வேற?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "சும்மா தமாஷ். நீ வருத்தப்படுவேன்னுதான் வீட்டுல காட்டலை."

எச்சில் பளபளக்கும் அந்த உதடுகளைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எழுந்திருங்க. அம்மா முன்னாடி படிச்சுக் காட்டுங்க."

அவன் எழவில்லை. அவள் அலமாரிக்குப் போய் சர்வரின் ஒயரைப் பிடுங்கினாள். உள்ளறையில் அம்மா குழறிக் கூப்பிட்டாள். விரிப்பு நனைந்திருந்தது. மாற்றும்போது பின்னால் வந்தவன், உதவுகிறானாம், புது விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தான்.

"கையை எடுங்க."

அவன் தொட்ட விரிப்பைச் சுருட்டி அழுக்குக் கூடையில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

அந்த வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். 'எல்லாத்தையும் அழிச்சுட்டேன், நீயே திறந்து பாரு' என்று அவன் தினமும் மெசேஜ் அனுப்பினான். புழு நெளிந்த பாத்திரத்தைக் கழுவி, இதில் சாப்பிடு என்று நீட்டுவதுபோல் இருந்தது. அவள் திறந்து பார்க்கவில்லை.