அவொரித்தா என்றால் எப்போது?

என் இடது கையை இரும்புக் குழாயால் உடைத்துப் பையைப் பறித்தவன் இப்போது சிறையில் இருக்கிறான். கோர்ட்டில் கூண்டேறி, அவன் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, "இவன்தான்" என்று சொன்னவள் நான். அப்படிப்பட்டவளைப் பார்த்து, போலீசுக்கு ஒத்துழைக்காதவள் என்றார் சார்ஜென்ட் விட்லாக். வந்த கோபத்துக்கு அவர் மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் அதன்மேல் அவருடைய பேனா இருந்தது.

அந்தப் பேனாவின் கையெழுத்துக்குத்தான் வந்திருந்தேன். குற்றத்தில் அடிபட்டு, போலீசுக்கு உதவியவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு விசா உண்டு. 'இவர் உதவினார்' என்று போலீஸ் கையெழுத்திட்டால்தான் மனுவே போட முடியும். போட்டபின் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கிறேன், எனக்கென்ன? கிடைத்தால் மெக்சிகோவில் என் அக்காவோடு இருக்கும் மகள் அனாயியையும் அழைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தையாக விட்டுவந்தேன். இப்போது, "என்னை எப்பம்மா கூப்பிடுவ?" என்று போனில் சண்டை பிடிக்கிறாள்.

விட்லாக் எங்கள் ஸ்பானிஷ் மொழியை வகுப்பில் படித்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"ஒருத்தனப் பிடிச்சு வச்சிருக்கோம், வந்து அடையாளம் காட்டுங்கன்னு நானே போன் பண்ணேன். நீங்க என்ன சொன்னீங்க, தொமித்தீலா?"

"அவொரித்தா வர்றேன்னேன், சார்."

"அவொரித்தான்னா இப்பவே! தெருவுல காத்துக்கிட்டு நின்னேன். நீங்க வரல. அவன விடவேண்டியதாப் போச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று ஒரு ஞானஸ்நான விருந்துக்காக அண்டா நிறைய தமால், எங்கள் சோளமாவுக் கொழுக்கட்டை, அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அவொரித்தா என்றால், வெந்ததை இறக்கி, கை கழுவி, உடை மாற்றி, அதற்குமேல் யாரும் வந்து பேச்சுக் கொடுக்காவிட்டால் வருகிறேன் என்று அர்த்தம். நானும் போனேன். தெருவில் ஒருவரும் இல்லை. பிறகு அதே ஆளைத் துணி துவைக்கும் கடையில் கண்டு, போலீசைக் கூப்பிட்டதும் நான்தான்.

"அது வேற அவொரித்தா, சார்" என்றேன். "பொய் சொன்னவங்களுக்கு நான் கையெழுத்துப் போடறதில்ல" என்று சொல்லப்போகிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குள் வாசல் பக்கம் திரும்பி, "எசேனியா, இவங்க ஃபைலக் கொண்டா" என்றார்.

எசேனியா வரவேற்பில் இருப்பவள். எங்கள் மெக்சிகோப் பக்கத்துப் பெண். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அவொரித்தா, சார்!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டேன். வெளியே எசேனியா யாரிடமோ போனில் மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். மாமியாருக்குப் பிறகு நாத்தனாருக்கு வந்தாள். விட்லாக் பேனாவைத் தட்டினார், கடிகாரத்தைப் பார்த்தார், கழுத்தைத் தடவினார்.

"எங்க போனா இவ?"

"அவொரித்தா வருவா, சார்" என்றேன். "இப்பவேன்னுதான அர்த்தம்?"

அவர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது.

எசேனியா ஒருவழியாக ஆடி அசைந்து வந்தாள். "என்ன ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க? அவொரித்தான்னு சொன்னேன்ல!"

விட்லாக் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கோ கண் கலங்கிவிட்டது. ஒரு சொல்லுக்காக என் மகளை இழக்கப் பார்த்தேனே!

"சரி, போட்டுத் தர்றேன்" என்றார்.

"எப்ப, சார்?"

"அவொரித்தா."

நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டேன். "அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம், சார். பேனா கையிலதான இருக்கு?"

"போட்டுக் குடுத்துடுங்க, சார். அக்கா நகரமாட்டாங்க" என்றாள் எசேனியா.

போட்டார்.

வெளியே வந்ததும் அனாயியை அழைத்தேன்.

"கையெழுத்து வாங்கிட்டேன்டி!"

"அப்ப நான் எப்பம்மா வருவேன்?"

அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த ஒரே பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"வருஷக்கணக்கா ஆகும்டி. ஆனா வருவ."



"அப்ப நெசமாவே வர்றேனாம்மா?" என்றாள்.