ரென்னரை எடுத்த வருடம்

ஏப்ரல் மாதக் கடைசி வியாழக்கிழமை என்றால் லொரெய்ன் ஊரில் நிடியாவின் பாரில் உட்கார இடம் கிடைக்காது. கல்லூரியில் ஆடி முடித்த பையன்களில் யாரை எந்த அணி, பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு எடுத்துக்கொள்கிறது என்று டிவியில் ஒவ்வொரு பெயராக வாசிக்கும் மாலை அது. போன சீசனில் அதிகம் தோற்றவர்களுக்குத்தான் முதலில் எடுக்கும் உரிமை. அதனால் இவர்களுடைய அணிக்கு எப்போதும் முன்வரிசையில் இடம் உண்டு. இந்த வருடம் மூன்றாவது.

புதுப் பெயர் வருவதற்கு முன்னால் பழைய பெயர்களைத் தோண்டி எடுத்துத் திட்டித் தீர்க்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். முதல் சுற்றில் ஆசை ஆசையாக எடுத்து உருப்படாமல் போனவர்களிலேயே படு மோசமானவன் யார்? வருடா வருடம் இதே கேள்வி, வருடா வருடம் இதே சண்டை.

"ஹார்க்தான்யா," என்றார் ஓட்டிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பகலெல்லாம் பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் கட்டிப் போயிருந்தது. "டெவின் ஹார்க். மூஞ்சிக்கு நேரா பந்து வந்தாலும் கொசு ஓட்டுற மாதிரி தட்டி விட்டுருவான். கையில வெண்ணெயத் தடவிக்கிட்டுதான் கிரவுண்டுக்கே வருவான்."

"அவன் கீழதான விட்டான்? ரென்னர் என்ன பண்ணான்? பந்த எடுத்து பத்திரமா எதிரி கையிலேயே குடுத்தான்," என்றார் டுவேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில் அவருக்குக் கறாரான கருத்து உண்டு. "கிறிஸ்துமஸ் தாத்தா மாதிரி எல்லாருக்கும் வாரிக் குடுத்தான். நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல."

"எங்க வீட்லயும் மொத சுத்துலயே ஒருத்தன எடுத்தோம்," என்றாள் நிடியா, இறைச்சி அடைத்துப் பொரித்த பஸ்தெலிலோ தட்டை மேசையில் வைத்தபடி. "எம் பொண்ணு புருஷன். இன்னிவரைக்கும் சோஃபாவ விட்டு எந்திரிக்கல."

கூரை அதிரச் சிரித்தார்கள். சிரிக்காதவர் எம்மெட் சாபோ ஒருவர்தான்.

அது எல்லோருக்கும் உறுத்தியது. ஏனென்றால் ரென்னர் விவகாரத்தில் எம்மெட்தான் அந்தக் கடையின் வக்கீல். இரும்புத் தாது இறக்கும் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர், மேலிருந்து பார்த்துப் பேசும் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. மற்றவர்கள் வாய் வலிக்கப் பேசி ஓய்ந்தபின் மெல்ல எழுந்திருப்பார். கோல்பி ரென்னர் எந்தெந்த ஆட்டத்தில், எந்தெந்த நிமிடத்தில், எந்தெந்த எதிரியிடம் பந்தை எறிந்தான் என்று கோர்ட்டில் வாசிப்பதுபோல வாசிப்பார். அணி அவனை எடுத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. எம்மெட்டின் ஆத்திரம் மட்டும் நேற்று வைத்த குழம்புபோல நாளாக நாளாக ருசி ஏறிக்கொண்டிருந்தது.

"வக்கீலய்யா, எந்திரிங்க," என்றார் டுவேன். "ஹார்க் கேஸ தள்ளுபடி பண்ணுங்க."

எம்மெட் பீர் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"ரென்னர் அவ்வளவு மோசம் இல்ல," என்றார்.

"என்னது?"

"மோசம் இல்லன்னேன். ரெண்டு வருஷத்துல மூணு கோச்ச மாத்தினானுங்க. ஒவ்வொருத்தனும் வந்து, முன்னாடி இருந்தவன் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்துருன்னான். அவனுக்குக் காவலா நின்ன அஞ்சு பேரும் கதவத் தொறந்து விட்டு, வாங்க வாங்கன்னு எதிரிய உள்ள கூப்பிட்டானுங்க. இருபத்திரண்டு வயசுப் பையன். விழுந்து விழுந்து எந்திரிச்சான். தோள்பட்டை கழண்டதுக்கப்புறமும் ஆடினான். பொறுத்திருந்தா தேறியிருப்பான்."

ஓட்டிஸ் வாயில் வைத்த பஸ்தெலிலோவைக் கடிக்க மறந்தார்.

"இது ரஸ் பேசுற பேச்சாச்சே," என்றார் மெதுவாக.

ஆமாம், ரஸ்ஸின் பேச்சுதான். சொல் மாறாமல், மூச்சு விடும் இடம்கூட மாறாமல்.

ரஸ் எம்மெட்டின் தம்பி. இரண்டு பேரும் மைதானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருபது வருடம் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள். ஏரிக் காற்று முகத்தை அறுக்கும்போது ஒரே போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு தோற்றவர்கள். ரென்னரை எடுத்த மறுநாளே ரஸ் கடைக்குப் போய் அவன் பெயரும் எண்ணும் போட்ட சட்டையை வாங்கிவந்தார். எம்மெட்டுக்கு முதல் ஆட்டத்திலேயே அந்தப் பையனைப் பிடிக்கவில்லை. முதலில் கிண்டல், அப்புறம் வாக்குவாதம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் காரில் திரும்பி வரும்போது பேச்சில்லாமல் ஒரு மணி நேரம்.

இரண்டாம் வருடம் நவம்பரில் நன்றி நாள் விருந்து ரஸ் வீட்டில். அதற்கு முந்தைய ஞாயிறு ரென்னர் பந்தை நான்கு முறை எதிரிக்கு எறிந்திருந்தான். எம்மெட் காலையிலிருந்தே குடித்திருந்தார். வான்கோழியை வெட்டும் நேரத்தில் நாற்காலி முதுகில் கிடந்த அந்த ரென்னர் சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். கரி அடுப்பில் போட்டு, எரிபொருளை ஊற்றிக் கொளுத்தினார். எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரஸ் கையில் கத்தியோடு கொல்லைப்படியில் நின்று பார்த்தார். கத்தியைக் கவனமாகக் கீழே வைத்துவிட்டு, "வீட்ட விட்டுப் போ," என்றார். அவ்வளவுதான்.

அதற்குப்பிறகு இருவரும் பேசவில்லை. ஒரே ஊர், ஆறு தெரு தள்ளி வீடு, ஒன்பது வருடம். ரஸ் மைதான இருக்கையை விட்டுக் கொடுத்துவிட்டார். அந்த இடத்தில் யாரோ பல் டாக்டர் வந்து உட்கார்ந்தான். இந்த ஜனவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ரஸ், மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்தார். அடக்கத்தன்று தேவாலயத்தில் எம்மெட் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி பெவர்லியிடம் "வருத்தமா இருக்கு" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அன்றிலிருந்து ரஸ்ஸின் வாதங்கள் தலைக்குள் ஓடத் தொடங்கின. அவற்றுக்குப் பதில் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல, தம்பி சொன்னதுதான் நியாயமாகப் பட்டது.

"யோவ், நல்லா இருக்குதே கதை," என்றார் டுவேன். குடித்தால் டுவேனுக்கு நாக்கில் பிரேக் கிடையாது. "உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் சட்டையக் கொளுத்தின. செத்தப்புறம் அவர் கட்சியில சேந்துட்டியா? இப்ப எதுத்துப் பேச ஆள் இல்லல்ல, சேந்துக்கலாம்."

எம்மெட் எழுந்தது யாருக்கும் தெரியவில்லை. டுவேனின் காலரைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தியபோதுதான் தெரிந்தது. நாற்காலி உருண்டது. கோப்பை ஒன்று உடைந்தது. ஓட்டிஸ் நடுவில் புகுந்து, பஸ்ஸில் அடித்துக்கொள்ளும் பையன்களைப் பிரிக்கிற மாதிரியே இரண்டு பேரையும் பிரித்துவிட்டார்.

"எம்மெட், வெளில போ," என்றாள் நிடியா. "கொஞ்சம் ஆறிட்டு வா. உன்ன வராதேன்னு சொல்லல. இப்பப் போ."

டிவியில் முதல் பெயரை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரும் எம்மெட் போவதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எம்மெட் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அவமானத்துக்கு அடியில் ஏதோ ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சொல்லியாகிவிட்டது, நாலு பேர் எதிரில், சத்தமாக. ரஸ் ஜெயித்துவிட்டான். இதைக் கேட்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

பெவர்லி வாசற்படியில் குளிர்காலத்தில் பனி உருகத் தூவிய உப்பையும் மணலையும் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். ரஸ்ஸின் பெரிய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள்.

"எம்மெட்டா? என்ன ஆச்சு? கையில ரத்தம் வருது."

"கண்ணாடி கீறிடுச்சு, ஒண்ணுமில்ல. பெவ், உங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா." மூச்சு வாங்கியது. "இன்னிக்கு நிடியா கடையில எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ரஸ் சொன்னதுதான் சரின்னு."

"எது சரி?"

"ரென்னர் விஷயம்."

"யாரு ரென்னர்?"

எம்மெட் அவள் முகத்தைப் பார்த்தார். குத்திக் காட்டுகிறாளோ என்று நினைத்தார். அப்படி ஒன்றும் இல்லை. உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ," என்றாள். "அந்தச் சட்டை."

"அந்தப் பையன். அவன் மோசம் இல்லன்னு ரஸ் சொல்லிட்டே இருந்தான்ல?"

பெவர்லி துடைப்பத்தின் மேல் கையை ஊன்றி நின்றாள். "எம்மெட், அவர் அந்த வருஷத்தோட அதையெல்லாம் விட்டுட்டார்."

"எத?"

"ஃபுட்பால. அதுக்கப்புறம் ஒரு மேட்ச்கூட பாக்கல. அந்தச் சேனலுக்குக் காசு கட்டுறதையே நிறுத்தியாச்சு."

எம்மெட்டுக்குப் புரியவில்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவர் தம்பியோடுதான் ஆட்டம் பார்த்திருக்கிறார். ரென்னர் ஒரு பந்தை வீணடித்தால், "பாத்தியாடா?" என்று ஆறு தெருவுக்கு அப்பாலிருக்கும் ரஸ்ஸிடம்தான் மனசுக்குள் கத்துவார். ரென்னரை அணி துரத்திவிட்ட நாளில், ரஸ் டிவி முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்ததுபோல ரசித்திருந்தார். அத்தனை நாளும் எதிர் நாற்காலி காலி.

"அப்ப ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவான்?"

"மீன் புடிக்கப் போவார், ஏரிக்கரைக்கு. குளிருன்னா வீட்லயே சமைப்பார். சூப் நல்லா வைப்பார்."

"சூப்பா? ரஸ்ஸா?"

"ஆமா." அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. அந்தச் சிரிப்பில் எம்மெட்டுக்குப் பங்கில்லை.

எம்மெட் கேட்டார். "என்னப் பத்தி ஏதாவது சொல்லுவானா?"

பெவர்லி பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு வேண்டாம் என்று முடிவு செய்ததும் தெரிந்தது.

"மொத வருஷம் போன் அடிச்சா எந்திரிச்சுப் போய்ப் பார்ப்பார். நீங்களா இருக்குமோன்னு. அப்புறம் எந்திரிக்கல. சட்டையக் கொளுத்தின அன்னிக்கு எங்க பசங்க ஜன்னல் வழியா பாத்துட்டு இருந்தாங்க எம்மெட். சின்னவன் அழுதான். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கோவம்லாம் இல்ல அவருக்கு. அலுத்துப் போச்சு, அவ்வளவுதான். ஒரு தடவ சொன்னார், 'அவன்கூட இருந்தா எப்பவும் யாரையாவது வெறுத்துக்கிட்டே இருக்கணும் பெவ், என்னால முடியல'ன்னு. அதுக்கப்புறம் உங்களப் பத்திப் பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல. கடைசி சில வருஷம் நல்லா இருந்தார். நான் சொல்றது புரியுதா? சந்தோஷமா இருந்தார்."

எம்மெட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது எதிர் வீட்டில் கதவைத் திறந்துகொண்டு யாரோ "எடுத்துட்டானுங்க!" என்று கூவினார்கள். அடுத்த தெருவில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. அணி ஆளை எடுத்துவிட்டது.

எம்மெட்டின் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

ஒரு நொடிதான். திரும்பிய வேகத்திலேயே பெவர்லி பக்கம் முகத்தைக் கொண்டுவந்தார். அவள் பார்த்துவிட்டாள்.

"போங்க," என்றாள். கோபமே இல்லாத குரல். "யாருன்னு பாருங்க."

"இல்ல பெவ், நான் அதுக்கு வரல. நான் வந்தது..."

"பரவால்ல. போங்க."

அவள் குனிந்து மறுபடி உப்பைத் தள்ளத் தொடங்கினாள். துடைப்பம் சிமென்டில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எம்மெட் வண்டிக்குப் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைப் போட்டார்.

ரென்னர் மாதிரியே பந்து எறிகிற பையன்தான், மறுபடியும். அயோவா பக்கத்து ஊர், இருபத்தொரு வயது. அறிவிப்பாளர் மூச்சுமுட்டக் கத்திக்கொண்டிருந்தான். இனி எல்லாம் மாறும் என்றான்.

"இவனும் தேற மாட்டான்," என்றார் எம்மெட், காலியான பக்கத்து இருக்கையைப் பார்த்து. பையனின் பெயரைக்கூட அவர் சரியாகக் காதில் வாங்கியிருக்கவில்லை.

பெவர்லி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். ரேடியோவில் அந்தப் பையனின் அம்மா சந்தோஷம் தாங்காமல் அழுதுகொண்டிருந்தாள்.