அளக்காமல் பூட்டிய கியர் பெட்டி

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. வெளியே காற்று அடிக்கிறது, கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள். ஒரு பழைய காரும், அதற்குள் பூட்டிய புதுக் கியர் பெட்டியும், ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் நெஞ்சில் கல்லாக வைத்திருந்த ஹார்லனும் வருகிற கதை இது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட மாட்டேன்.

எங்கள் ஒஹாயோவில் சோயா வயல்கள் பழுத்துக் காய்ந்து நிற்கிற செப்டம்பர் கடைசி. செவ்வாய்க்கிழமை காலை, கிளென் நுஸ்பாம் அஞ்சல் பெட்டி வரை நடந்து போனவன், திரும்பி வரும் வழியில் புல்தரையிலேயே சாய்ந்துவிட்டான். அறுபத்தெட்டு வயது. இதயம். மனைவி ட்வைலா ஓடிப்போய்ப் பார்த்தபோது மின்சார பில் கையில் அப்படியே இருந்ததாம்.

அவனுடைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதாம் வருஷத்து செவெல் கார், கராஜில் நான்கு தாங்கிகள் மேல் நின்றது. பழைய நான்கு கியர் பெட்டியை எடுத்துவிட்டு, இந்தக் காலத்து ஆறு கியர் பெட்டியை அதில் வைத்திருந்தான். புதுப் பெட்டி பருமன் அதிகம். அது உட்காருவதற்காகக் காரின் தரையையே நீளமாக அறுத்து, மேலே புதிதாகத் தகடு வளைத்துப் பற்றவைத்திருந்தான். முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது.

கார் வளர்த்த மனிதன் செத்தால், சவ வண்டிக்குப் பின்னால் அவன் கார் போக வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான். கார் பிரித்துக் கிடந்தால் நண்பர்கள் கூடிப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். செவெல்லை ட்வைலாவே ஓட்டுவதாக ஏற்பாடு. மீதி வேலையை ஹார்லனும் டுவேனும் எடுத்துக்கொண்டார்கள். கிளென், ட்வைலாவோடு சேர்த்து நால்வரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஹார்லன் ஊரில் நாற்பது வருஷமாகக் கியர் பெட்டி வேலை பார்த்தவன். டுவேன் தானியக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவன், வாயை மூடத் தெரியாதவன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்ஜினைக் கிளப்பினார்கள். பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. டுவேன் உள்ளே உட்கார்ந்து கியர் போட்டான். ஒன்று விழுந்தது. இரண்டு கொஞ்சம் அடம்பிடித்து விழுந்தது. மூன்றாவது, பல்லைக் கடிப்பது போல் 'கரக்' என்று கத்தியது.

"அடேய், இதென்ன காபிக்கொட்டை அரைக்குது!" என்றான் டுவேன்.

"கிளட்ச்சுல காத்து இருக்கும். எடுத்துடலாம்" என்றான் ஹார்லன்.

காற்றை எடுத்தார்கள். மறுபடி கரக். பெடலைச் சரிசெய்தார்கள். மறுபடி கரக். எண்ணெயை மாற்றினார்கள். அதற்கும் அது மசியவில்லை. டுவேன் இறங்கி வந்து, துணியில் கை துடைத்தபடி மெதுவாகச் சொன்னான்.

"கிளட்ச்ச பூட்டினது கிளென்தானே? கொஞ்ச நாளாவே அவன் கை நடுங்கிச்சுடா. பாவம், எங்கயோ எதையோ விட்டுட்டான். போகட்டும் விடு. நாளைக்கு ரெண்டே மைல். மூணாவது கியரே போட வேணாம்னு ட்வைலாகிட்ட சொல்லிட்டாப் போதும்."

 ஹார்லன் குனிந்து, கீழே விழாத ஒரு நட்டைத் தேடினான்.

அவனுக்குத் தெரியும், கண்ணுகளா. முதல் கரக்கிலேயே தெரிந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே இடத்தில், கிளென் டயல் கேஜைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே மணி போல ஓர் உறை இருக்கிறதே, அதன் துளையும் என்ஜின் தண்டும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பார்க்கிற கருவி அது. எந்த வண்டியிலும் வார்ப்பில் ஒரு மயிரிழை விலகல் இருக்கலாம். அந்தக் காலத்துப் பெட்டிகள் அதைப் பொறுத்துக்கொள்ளும். இந்தக் காலத்துப் பெட்டி பொறுக்காது.

"அளந்துடலாமா ஹார்லன்? பெட்டியோட வந்த தாள்ல கட்டாயம் அளக்கணும்னு போட்டிருக்கு" என்று கேட்டான் கிளென்.

"நாப்பது வருஷத்துல நான் எந்தப் பெட்டிய அளந்தேன்? எது திரும்பி வந்துச்சு? நீ என்ன, கைக்கடிகாரமா செய்யற?" என்று ஹார்லன் சிரித்தான். கொஞ்சம் பலமாகவே சிரித்தான்.

கிளென் எதையும் வற்புறுத்துகிற ஆள் இல்லை. கேஜைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டான். அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பூட்டினார்கள்.

இப்போது ஹார்லன் பேசாமல் இருந்தால் போதும். நாளைக்கு ட்வைலா மூன்றாவது கியர் போடாமல் ஓட்டிவிடுவாள். பிறகு ஒரு நாள் பெட்டி கெட்டுப்போகும். கிளென் கை நடுங்கித் தப்பாகப் பூட்டினான், பாவம் என்று ஊர் சொல்லும். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? பேசினால், நண்பனுடைய கார் அவன் கடைசி ஊர்வலத்தில் இருக்காது. அதுவும் ஹார்லனால்.

அவன் கராஜை விட்டு வீட்டுக்குள் போனான்.

சமையலறையில் ட்வைலா பாத்திரங்களுக்கு நடுவே நின்றாள். துக்க வீட்டுக்கு ஊரார் கொண்டுவந்து வைத்தவை. எந்தப் பாத்திரம் யாருடையது என்று அடியில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்துக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ட்வைலா, வண்டியில ஒரு கோளாறு."

"டுவேன் இப்பத்தான் ஜன்னல்ல எட்டிப் பாத்து சொல்லிட்டுப் போனான். மூணாவது போடக் கூடாதாமே. கிளென் கை நடுங்கிச்சாமே."

"அவன் கை நடுங்கல. அவன் அளக்கணும்னு கேட்டான். நான் சிரிச்சேன். சிரிச்சு அவன அளக்க விடல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை.

"நிச்சயமா அதுதானா?"

"பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சா, தப்பு இருந்தாலும் இல்லேன்னாலும் நாளைக்கு வண்டி வராது, அதுக்குள்ள திரும்பப் பூட்ட முடியாது. பிரிக்காம விட்டா நாளைக்கு வரும். நீ சொல்றதுதான்."

அவள் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வெகுநேரம் துடைத்தாள்.

"அந்த வண்டியில நான் பக்கத்துல உக்காந்து நாப்பத்து மூணு வருஷம்" என்றாள். "ஹைவேயில ஏறினா என்ஜின் போடுற கூச்சல்ல ஒரு வார்த்தை பேச முடியாது. என் தங்கச்சி வீட்டுக்கு ஆறு மணி நேரம், ரெண்டு பேரும் ஊமை மாதிரிப் போவோம். ஆறாவது கியர்ல என்ஜின் அடங்கி ஓடுமாம். நீ பேசிட்டே வா, நான் கேட்டுட்டே வர்றேன்னு சொன்னான். அதுக்காகத்தான் அந்தத் தரையவே அறுத்தான்."

ஹார்லனுக்கு இது தெரியாது. வேகத்துக்காக என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். 

"நாளைக்கு அவன் கையப் பத்தி யாரும் அப்படிப் பேசக் கூடாது. போய்ப் பிரி" என்றாள் ட்வைலா. கதவு வரை போனவனை நிறுத்தி, "உன் மேல கோவம் இருக்கு ஹார்லன். இல்லேன்னு நினைச்சுக்காத. நாளைக்கு முடியட்டும். அடுத்த வாரம் அதுக்கு வர்றேன்" என்றாள்.

டுவேன் குதித்தான். "உனக்குக் கிறுக்கா? ஊரே நாளைக்கு அந்த வண்டியத்தான்டா பாக்க வருது!"

"பாக்கட்டும். இல்லாதத பாக்கட்டும். அந்தப் பக்கம் பிடி."

பெட்டியை இறக்கி, கிளட்சைக் கழற்றும்போது மதியம் மூன்று. கேஜை என்ஜினின் சக்கரத்தில் பொருத்தி, அதன் நுனி உறையின் துளையைத் தொடும்படி வைத்து, கையால் மெல்ல மெல்லச் சுற்றினார்கள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால், ஒரு முழுச் சுற்றில் முள் பத்துப் பங்குக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தது இருபத்தாறு. ஹார்லன் மறுபடி சுற்றினான். இருபத்தாறு. டுவேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.  மையத்தைத் திருத்துகிற சின்ன இரும்புப் பின்கள் வந்து சேர புதன்கிழமை ஆகும்.

சனிக்கிழமை சவ வண்டிக்குப் பின்னால், ட்வைலாவின் சாம்பல் நிறக் கார் போனது. கடைக்கும் டாக்டரிடமும் போகிற கார். ஓட்டியவன் ஹார்லன். அவள்தான் சாவியைக் கொடுத்தாள். வழியில் எதிரே வந்த வண்டிகள் எல்லாம் ஓரங்கட்டி நின்றன. வயலில் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு விவசாயி இறங்கி நின்றார். பின்னால் வந்த பழைய கார்க்காரர்கள் பதினேழு பேர். செவெல் எங்கே என்று கண்ணாலேயே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். ஆளாளுக்கு எழுந்து கிளென்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். ஹார்லன் தன் முறை வருவதற்கு முன்பே எழுந்துவிட்டான். 

"வண்டி ஏன் வரலன்னு கேக்குறீங்க. கிளென் எதையும் தப்பாப் பூட்டல. அளக்கணும்னு சொன்னான். நான் அவனக் கேலி பண்ணினேன். நேத்து அளந்தோம், இருபத்தாறு. எனக்கு வேல தெரியும்னு நாப்பது வருஷமா நீங்க எல்லாரும் வண்டி கொண்டுவந்தீங்க. அவனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல. அவ்வளவுதான்."

உட்கார்ந்தான். யாரும் கை தட்டவில்லை, யாரும் ஆறுதலும் சொல்லவில்லை.  கடைசியில் டுவேன்தான், "என் வண்டியில புதுப் பெட்டி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. நானும் அளக்கல" என்றான். பின் மேஜையிலிருந்து யாரோ, "அப்ப அந்தச் சத்தம் உன் பல்லு இல்லையா?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். ஹார்லன் சிரிக்கவில்லை. ட்வைலா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னபடியே அவள் அடுத்த வாரம் வந்தாள். வியாழக்கிழமை காலை கராஜ் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஹார்லனை நிற்கவைத்துத் திட்டினாள். அவன் சிரிப்பைத் திட்டினாள். ஊரில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்கிற அவன் நடையைத் திட்டினாள். கிளென்னையும் விடவில்லை: "அவனாவது வாயத் தொறந்து சண்ட போட்டிருக்கணும், சரி சரின்னே போய்ச் சேந்துட்டான்" என்றபோது அவள் குரல் உடைந்தது. ஹார்லன் ஸ்பானரைக் கையில் பிடித்தபடி அத்தனையும் கேட்டுக்கொண்டான். முடித்ததும் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்க பாக்கணும்?" என்றாள்.

புதுப் பின்களைப் பொருத்தியாகிவிட்டது; அவன் சக்கரத்தைச் சுற்றினான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள்.

"நாலு."

"இன்னொரு தடவ பாரு. கண்ணாடி போட்டுட்டுப் பாரு."

"நாலுதான் ஹார்லன்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்தபின் மறுபடி பூட்டி முடித்த அந்தக் காரை அவள் எடுத்தாள். ஹார்லன் பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்து பார்த்தான், பிறகு மெதுவாக மூடினான். "நீ மட்டும் போய்ட்டு வா" என்றான்.  அவள் சாலையில் ஏறிக் கிழக்கே திரும்பினாள். அவன் வாசலில் நின்று காது கொடுத்தான். ஒன்று. இரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டான். மூன்று, சத்தமில்லாமல் விழுந்தது. நான்கு. அதற்குள் சோயா வயலுக்கு அப்பால் கார் மறைந்துவிட்டது. அப்புறம் கேட்டது காற்றுதான். என்றாலும் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் சொல் உரிய நேரத்தில் உங்கள் காதில் விழட்டும். கோபம் வந்தால் அது முகத்துக்கு முகம் வந்து தீர்ந்து போகட்டும். வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் பசியோடு திரும்பி வரட்டும், வந்தவர்க்கெல்லாம் உங்கள் அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கட்டும்.