கள்ளப்பாட்டில் கடல் நின்ற கிழமை

கள்ளப்பாட்டுக் கரையில் கடல் மதில்மாதிரி நிமிர்ந்து நின்ற கிழமையில் மீன் விலை இறங்கியதே தவிர ஏறவில்லை. வள்ளம் தள்ள இடமில்லைத்தான். ஆனால் கரையில் நின்றபடியே கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டால் பாரை மீன் தானாக வந்து உள்ளங்கையில் படுக்கும் என்று சனம் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டது. மூன்று மீற்றர் உயரம், ஒரு வீட்டுக் கூரையின் அளவு. பின்னேர வெயில் அதற்குள்ளால் வரும்போது கரை முழுக்கப் பச்சை வெளிச்சம். காரணம் தாழமுக்கம்தான் என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். காரணம் கௌசலாவுக்கு ஷமீலாவின் மேல் இருந்த எரிச்சல். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கௌசலா கண்டாவளைக்காரி. உயர்தரம் படிக்கவென்று கள்ளப்பாட்டில் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்த காலத்தில்தான், அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்து சின்னம்மாவையும் வீட்டையும் கொண்டுபோனது. முதல்நாள் ஊருக்குப் போகவென்று பரந்தனுக்குப் பஸ் ஏறியிருந்தபடியால் அவள் மிஞ்சினாள். கடல் ஏன் வந்தது என்று கேட்டு எல்லோரும் அழ, அவள் மட்டும் ஏன் சொல்லாமல் வந்தது என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகம் போனாள், கடல் கடந்து போய் அலைகளைப் பற்றியும் புயலோடு வரும் கடல் ஏற்றத்தைப் பற்றியும் படித்தாள், திரும்பி வந்து முல்லைத்தீவு எதிர்வுகூறல் நிலையத்துக்குப் பொறுப்பானாள். நிலையம் என்றால் இரண்டு அறை, நாலு கணினி, கூரையில் காற்றை அளக்க ஒரு கருவி, இறங்குதுறையில் தண்ணீரின் உயரம் பார்க்க ஒரு அளவுகோல். கடல் எவ்வளவு ஏறும் என்ற அறிக்கை பிற்பகல் மூன்று மணிக்குப் போகும். அவளுடைய கணக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். ஒருநாள் ஒரு சாண் கூடும், இன்னொருநாள் நாலு விரல் குறையும். கடல் விசயத்தில் அது பெரிய கெட்டித்தனம், வெளிநாட்டுக் கூட்டங்களில் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவளுக்கு மட்டும் அந்த நாலு விரல், கூப்பிட்டவளைத் திரும்பியும் பாராமல் ஒருவர் ரோட்டால் போவதுமாதிரி இருந்தது.

அப்படியிருக்க வவுனியா பட்டாணிச்சூரிலிருந்து ஷமீலா உதவி அதிகாரியாக வந்தாள். தகப்பன் ஹமீட்டுக்குக் கடையும் குளத்துக்குக் கீழே கொஞ்ச வயலும். இருபது வயது தாண்டும்வரை கடலைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளை. வந்த அன்று செருப்போடு கரைக்குப் போய் நின்றாள். ஒரு அலை வந்து செருப்பின் நுனியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அவள் எழுதினது எழுதினபடி நடந்தது. கிட்டத்தட்ட இல்லை, அச்சொட்டாக. வருசா வருசம் வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணீர் ஊற்றி விளக்கெரிக்கிற சனம், இதை ஒரு புதினமாக எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை சொன்னால் கடல் கேட்கும் என்றார்கள், தொழிலுக்குப் போனார்கள்.

கௌசலாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அலுவலக உதவியாள் வீரபாகு வேறு நாளாந்தம் வந்து நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். "நேற்றுப் பின்னேரம் பாத்தனீங்களே மிஸ், அந்தப் பிள்ளை நாப்பது சென்ரிமீற்றர் எண்டு எழுதினா. கடல் வந்து கோட்டில நிண்டுபோட்டுப் போகுது." அளவுகோல் பழுதாக இருக்கும் என்பாள் கௌசலா. "ரெண்டு தரம் துடைச்சனான் மிஸ்." வாசலில் கழற்றி விட்ட ஷமீலாவின் செருப்புக்குள் பின்னேரங்களில் சோகி கிடக்கும், சில நாட்களில் சின்னச் சங்கு. பக்கத்தில் கிடக்கும் கௌசலாவின் செருப்புக்குள் பாசி. ஷமீலா காய்ச்சலென்று லீவு போட்ட நாட்களில் கௌசலாதான் அறிக்கை எழுதினாள். அந்த நாட்களில் கடல் ஒரு அலையும் அடிக்காமல் குளம்மாதிரிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் சனம் "பிள்ளைக்குச் சுகமோ" என்று ஷமீலாவைக் கேட்டது, கடலுக்காகக் கேட்பதுபோல.

கௌசலா ஷமீலாவை இறங்குதுறை அளவுகோலில் படிந்த சிப்பி சுரண்டும் வேலைக்கு அனுப்பிப் பார்த்தாள். அவள் போவதற்கு முன்னமே கடல் ஏறி அதைக் கழுவி வைத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, தங்கச்சியின் கலியாணத்துக்கு எடுத்த கத்தரிப்பூச் சேலையைக் கட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் கௌசலா சிலாவத்தைக் கரைக்குப் போய் நின்றாள். இருபது வருசம் உன்னைப் படிச்சவள் நான், அவள் உன்ர பேரைக்கூடப் பிழையில்லாமல் படிச்சு முடிக்கேல்லை என்று வாய்விட்டே சொன்னாள். கடல் பத்தடி பின்வாங்கியது. கோபத்தில் இல்லை, பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்குக் காலை ஒதுக்கி வழிவிடுகிற மாதிரி.

கார்த்திகைக் கடைசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உருவாகி முல்லைத்தீவைப் பார்த்து வந்தது. கௌசலா காற்றையும் கடலடிச் சரிவையும் வைத்துப் போட்ட கணக்கில் கடல் எண்பத்தைந்து சென்ரிமீற்றர் ஏற வேண்டும். அன்றைய அறிக்கை ஷமீலாவின் முறை. காலை முழுக்க வாப்பா போன் எடுத்துக்கொண்டிருந்தார், குளம் நிறைஞ்சு வான் பாயப் போகுது மகள், பதினாலடி தாண்டிட்டுது என்று. வன்னியில் குளத்துத் தண்ணீரை அடியில்தான் சொல்லுவார்கள், அடியிலேயே வளர்ந்த பிள்ளை அவள். மூன்றடி என்று மனதில் கணக்குப் பார்த்து மூன்று என்று எழுதினாள். அந்த இடத்தில் மீற்றரில் எழுத வேண்டும். தேத்தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் போன கௌசலா அதைக் கண்டாள். கண்டாவளையிலும் தண்ணீரை அடியில்தான் சொல்லுவார்கள். என்ன பிழை, எப்படி வந்த பிழை என்று ஒரு மூச்சில் விளங்கிவிட்டது. விளங்கின பிறகும் வாய் திறக்கவில்லை. மூன்று மீற்றர் ஏற இந்தக் காற்றுக் காணாது. உலகத்தில் எந்தக் கடலும் அதைச் செய்யாது. நாளைக்கு ஊர் முழுக்க இவளைப் பிழை என்று சொல்லும்.

"தேத்தண்ணி குடிக்கிறீரே, ஷமீலா?"

"ஓம் மிஸ்."

அறிக்கை போனது. மூன்று மீற்றர் என்றால் அந்தக் கரையில் ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. பாயும் பையுமாகச் சனம் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. அரை மணித்தியாலத்தில் கடல் எழும்பத் தொடங்கியது. காற்றும் இல்லாமல் இரைச்சலும் இல்லாமல், யாரோ பேர் கூப்பிட்டு எழும்பினதுபோல. கௌசலா ஜன்னலால் பார்த்தாள். எண்பத்தைந்து சென்ரிமீற்றர் என்று எழுதி, கீழே தன் பேரைப் போட்டு வானொலிக்குக் கொடுத்தாள். கோயில் ஒலிபெருக்கியிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்லுவித்தாள். கடல் மூன்று மீற்றரில் நின்றது. முன்னுக்கும் வரவில்லை, பின்னுக்கும் போகவில்லை. புயல் அந்தப் பக்கத்தால் கரையைக் கடந்து ஓமந்தை வரைக்கும் மரம் முறித்துப் போன பிறகும் நின்றது.

தன் பிழையைக் கண்ட ஷமீலா அழுதுகொண்டு வந்தாள். "அடியில நினைச்சு எழுதிப்போட்டன் மிஸ். திருத்தி விடுவம்."

"பொறும். அவசரப்பட்டு இன்னொரு பிழை விடக்கூடாது. தரவு வரட்டும்."

தரவு வந்தது. கௌசலா அதைத் திறந்தும் பார்க்கவில்லை. இருபது வருசத்தில் முதல்தரமாகக் கடல் அவள் சொல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. மற்றவள் வா என்று சொல்லியும் இவள் சொல்லுக்காக வராமல் நின்றது. ஒவ்வொரு பின்னேரமும் போய் அந்தத் தண்ணீருக்கு முன்னால் நின்றாள், நெற்றியை வைத்துப் பார்த்தாள், குளிர்ந்தது. ஒருநாள் ஷமீலாவும் பின்னால் வந்தாள், கடலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். "நீர் கிட்டப் போகாதேயும்," என்று கௌசலா வழியை மறித்தாள். "பிறகு குழம்பிப்போகும்."

கிழமைக் கடைசியில் மீனவர் சங்கத் தலைவர் சிவராசாவும் பள்ளிக்கூடத்தில் இருந்த பெண்களும் நிலையத்துக்கு வந்தார்கள். சிவராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, கடலை இருத்துறதெண்டா இருத்துங்கோ, விழுத்துறதெண்டா விழுத்துங்கோ மிஸ், இப்பிடி நிண்டா நாங்கள் எந்தப் பக்கம் படுக்கிறது என்றார். கையால் மீன் பிடித்துச் சாப்பிடலாம், எஞ்சினுக்குக் கடன் கட்ட ஏலாது என்றார். அவருக்குப் பின்னால் நின்ற வடிவம்மா முன்னுக்கு வந்தார். "கடல் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில நிக்குது பிள்ளை, நாங்கள் பள்ளிக்கூடத்தில கிடக்கிறம். பாயில படுத்து எங்களுக்குப் பழக்கம்தான். ஒருக்கா சுனாமியால கிடந்தம், ஒருக்கா ஷெல்லால கிடந்தம். இந்த முறை உங்களால."

ஷமீலாதான் வாயைத் திறந்தாள். "என்ர பேரை வெட்டுங்கோ மிஸ். உங்கட எண்பத்தைஞ்சு மட்டும் நிக்கட்டும். அதுதானே சரியான கணக்கு."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னாள். கௌசலா இவ்வளவு காலமும் கேட்டுத் திரிந்தது இதைத்தான்: தன் சொல் மட்டும், முன்னால் கடல். கடல் கேட்டால் அவள் வென்றாள். கேட்காவிட்டால் மூன்று மீற்றரும் சிவராசாவின் மீன்வாடியிலும், வடிவம்மா போன வருசம் ஓடு போட்ட வீட்டிலும், அந்தத் தெரு முழுக்கவும் விழும். கேட்கும் என்று நினைக்கப் பார்த்தாள். சேலை கட்டிப்போன அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. இத்தனை பேரின் வீட்டை வைத்துத்தான் கடலுக்குத் தன்னைத் தெரியுமா என்று பார்க்க வேண்டுமா? வீரபாகு வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பேப்பரை ஷமீலாவின் பக்கம் தள்ளினாள்.

"நீர் எழுதும். நீர் நினைச்ச மூண்டடிதான், தொண்ணூறு சென்ரிமீற்றர் எண்டு உம்மட கையால எழுதும். உமக்குத்தான் அது கேக்கும்."

ஷமீலா எழுதினாள். கௌசலா தன் பழைய அறிக்கையை வாபஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்துக் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. ஒலிபெருக்கியில் சொல்லி முடிய, நெடுநேரம் நின்ற ஆள் கதிரையைக் கண்டு மெல்ல இருப்பதுபோலக் கடல் கீழே இறங்கியது. சனம் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டுப் பாய்களைச் சுருட்டத் தொடங்கியது.

கௌசலா தனியே இறங்குதுறைக்குப் போய் அளவுகோலின் முன்னால் குந்தினாள். தண்ணீர் தொண்ணூற்றில் வந்து நின்றது, ஒரு மயிர் கூடவில்லை, குறையவில்லை. வீரபாகு கண்டுவிட்டு எல்லோருக்கும் சொல்ல ஓடினார். அவர் போன பிறகு தண்ணீர் இன்னும் மூன்று விரல் இறங்கியது. எண்பத்தைந்தில் நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம் அங்கே நின்றுவிட்டுத் திரும்பித் தொண்ணூற்றுக்கு ஏறியது.

"எவ்வளவு மிஸ்?" என்று ஷமீலா கரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள்.

"தொண்ணூறு. நீர் சொன்னதுதான்."

இப்போதும் அந்தக் கரைக்கு அறிக்கை எழுதுவது ஷமீலாதான், கடலும் அவள் சொன்னபடிதான் நடக்கிறது. அன்றைய பதிவிலும் தொண்ணூறு என்றுதான் இருக்கிறது. எண்பத்தைந்தைப் பற்றிக் கௌசலா யாருக்கும் சொல்லவில்லை. முக்கியமாக ஷமீலாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை சந்தோசப்படும் என்று அவளுக்குத் தெரியும்.